இரண்டு கட்டத்திலும் ஒரே தேதி

"இத ஒரு ஆளு மூஞ்சியப் பாத்துச் சொல்லுவீங்களா?"

அலுவலகத்தில் நாங்கள் எல்லோரும் அக்கா என்று கூப்பிடுகிறவர் என்னிடம் அதிகமாகக் கேட்ட கேள்வி இதுதான்.

புதுக்கோட்டையில் கீழ ராஜ வீதிக்குப் பின்னால், ஒரு செல்போன் கடையின் மாடியில் எங்கள் அலுவலகம் இருந்தது. பள்ளிக்கூடம், கிளினிக், திருமணத் தகவல் மையம் என்று உள்ளூர்க்காரர்களுக்கு வெப்சைட் செய்து கொடுப்போம். புரோகிராம் எழுதுவது நான். அதை வாங்கி வேண்டுமென்றே தப்புத் தப்பாக நிரப்பி, எங்கே உடைகிறது என்று கண்டுபிடிப்பது அக்காவின் வேலை. பெயர், முகவரி, போன் நம்பர் எல்லாவற்றையும் சாதாரணமாகப் பார்த்துக்கொண்டே வருவார். தேதிக் கட்டம் வந்ததும் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொள்வார். ஏப்ரல் முப்பத்தொன்று போடுவார். பதின்மூன்றாம் மாதம் போடுவார். அடுத்த வருஷம் பிறக்கப் போவதாகப் போடுவார். நான் வைத்திருந்த சிவப்பு எழுத்து மேலே வரும்: தவறான தேதி.

அதை உரக்கப் படிப்பார். சிவப்பு எழுத்துக்கு என்ன குரல் இருக்குமோ அந்தக் குரலில், கொஞ்சம் அதட்டி. பிறகு என் பக்கம் திரும்பி அந்தக் கேள்வியைக் கேட்பார்.

"மெஷின்தானக்கா சொல்லுது" என்பேன்.

"கேக்குறது ஆளுதானங்க."

அப்புறம் அவரே உட்கார்ந்து எழுதித் தருவார். 'ஏப்ரல் மாதத்துக்கு முப்பது நாள்தான். ஒருமுறை பார்த்துப் போடுங்கள்.' 'பிறந்த தேதி இன்னும் வராத நாளாக இருக்கிறது. வருஷத்தை மட்டும் சரிபாருங்கள்.' தவறு என்ற சொல் அவர் எழுதிய எதிலும் இருக்காது. சில சமயம் வாக்கியம் நீண்டு, போன் திரையில் பாதி மறைந்துபோகும். நான் வெட்டுவேன். மறுநாள் பார்த்தால் பழையபடி நீளமாக இருக்கும். இதற்காக நாங்கள் சண்டை போட்டிருக்கிறோம். அவர் சண்டை போடுகிற விதம் பேசாமல் இருப்பது. பேசாமல் இருப்பது அவருக்குச் சிரமமாகவும் இருந்ததில்லை.

நாற்பதைத் தாண்டியவர். திருக்கோகர்ணத்தில் ஒரு வீட்டின் பின்போர்ஷனில் தனியாக இருந்தார். கணவர் சிங்கப்பூருக்குப் போய்ப் பல வருஷம் ஆகிவிட்டது என்பதும், அவரிடமிருந்து போன் வருவதில்லை என்பதும் அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரியும். யார் சொல்லித் தெரிந்தது என்றுதான் தெரியாது. மதியம் டப்பாவைத் திறந்து, ஜன்னலைப் பார்க்க உட்கார்ந்து சாப்பிடுவார். நாங்கள் கூப்பிட்டால், "நீங்க சாப்புடுங்க, நான் வாரேன்" என்பார், வரமாட்டார். அவருடைய போன் அடித்தால் ரீசார்ஜ் கம்பெனிக்காரன்தான். அவனிடம்கூட, "வேணாம் தம்பி, சிரமப்படாதீங்க" என்று மரியாதையாகச் சொல்லித்தான் வைப்பார். அலுவலகச் சாவி ஒன்று அவரிடம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்ததும் நேராக அலுவலகத்துக்கு வந்துவிடுவார் என்று கீழே செல்போன் கடைக்காரர் சொன்னார். என்ன வேலை இருக்கும்? எதுவும் இருக்காது. ஃபேனைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார் போல.

நானும் சென்னை வேலையை விட்டுவிட்டு, கை கால் விழுந்த அப்பாவைப் பார்த்துக்கொள்ள இலுப்பூருக்குத் திரும்பியிருந்தவள். தினமும் பஸ்ஸில் வந்து போவேன். ஆகவே வேலை முடிந்தும் வீட்டுக்குப் போக ஒருவருக்கு ஏன் மனம் வராது என்று எனக்குப் புரிந்தது. ஆனாலும் நான் அவரிடம் அதைப் பற்றிக் கேட்டதில்லை. கேட்கவிடுகிற முகம் இல்லை அது.

ஒருநாள் அவர் உடம்பைக் காட்டிக்கொள்ள ஒரு கிளினிக்குக்குப் போனார். எங்கள் வாடிக்கையாளர்தான். டோக்கன் போடும் பக்கத்தை நான்தான் எழுதியிருந்தேன். பிறந்த தேதிக் கட்டத்தைத் தொட்டால் அழகாகக் காலண்டர் விரியும், இன்றைய மாதத்தைக் காட்டும். அங்கே பெஞ்சில் உட்கார்ந்திருந்த வயதான ஒருவர் போனை வைத்துக்கொண்டு ஒவ்வொரு மாதமாகப் பின்னால் தள்ளிக்கொண்டிருந்தாராம். எழுபது வருஷத்தை மாதம் மாதமாகத் தள்ள வேண்டும். விரல் வலித்ததோ என்னவோ, நாலைந்து வருஷம் தள்ளியதும் ஏதோ ஒரு தேதியைத் தொட்டுவிட்டார். கொஞ்ச நேரத்தில் நர்ஸ் வெளியே வந்து அவர் பெயரைச் சொல்லி, "கொழந்தையக் கூட்டியாங்க" என்றார். பெரியவர் எழுந்து நின்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

அக்கா இதைச் சொன்னதும் நானும் சிரித்துவிட்டேன்.

"அவரும் சிரிச்சாருங்க. சிரிச்சுக்கிட்டே செருப்ப மாட்டிட்டு வெளிய போயிட்டாரு. டாக்டரப் பாக்கல."

அன்று மாலையே காலண்டரை எடுத்துவிட்டு நாள், மாதம், வருஷம் என்று மூன்று கட்டமாக வைத்தோம். எண்ணைத் தட்டினால் போதும்.

திருமணத் தகவல் மையத்துக்காரர் வேறு மாதிரிச் சிக்கலோடு வந்தார். ஜாதகமும் பிறந்த தேதியும் ஒத்துப்போகவில்லை என்று பலர் அவரிடம் சண்டைக்கு வந்தார்கள். அக்கா அவருடைய பதிவுகளை எல்லாம் படித்துவிட்டுச் சொன்னார்: "ராத்திரி ரெண்டு மணி, மூணு மணிக்குப் பொறந்தவங்களுக்குத்தான் இடிக்குது. செவ்வாக்கெழம ராத்திரின்னா விடியிற வரைக்கும் நம்ம வீடுகள்ல அது செவ்வாக்கெழமைதான. இங்கிலீசு தேதி பன்னெண்டு மணிக்கே மாறிப்போயிருது." தேதிக் கட்டத்துக்குக் கீழே சின்னதாக ஒரு வரி சேர்த்தார்: 'இரவு பன்னிரண்டு மணிக்கு மேல் பிறந்தவர் என்றால் அடுத்த நாள் தேதி.' சண்டை குறைந்தது. மையத்துக்காரர் ஒரு பை நிறைய மாம்பழம் கொண்டுவந்தார். அக்கா ஒரே ஒரு பழத்தை எடுத்துக்கொண்டு மிச்சத்தை எங்களுக்குப் பங்கு வைத்தார். தனி ஆளுக்கு ஒன்று போதும் என்றார்.

எல்லா முறையும் அவர் செய்தது சரியாக வந்தது என்று சொல்லமாட்டேன். ஒரு பள்ளிக்கூடத்தின் சேர்க்கைப் படிவத்தில், வயது பொருந்தாவிட்டால் அனுப்பவிடாமல் தடுக்க வேண்டும் என்று நான் விதி எழுதியிருந்தேன். அக்கா பிடிவாதமாக அதை எடுக்கச் சொன்னார். "தடுத்தா அந்தத் தாய் பயந்து போயிரும். எச்சரிக்கை மட்டும் காட்டுங்க, போக விடுங்க." விட்டோம். பள்ளிக்கூடத்துக்குப் போய்ச் சேர்ந்ததில் பாதிக்கு மேல் குளறுபடி. பிள்ளையின் பிறந்த தேதியில் அப்பாவின் தேதி. படிவம் நிரப்பிய அன்றைய தேதி. பள்ளி நிர்வாகி மாடிப்படி ஏறி வந்து எங்கள் ஓனரைப் பிடிபிடியென்று பிடித்தார். ஓனர் என்னைவிட வயதில் சிறியவர், சுபாவத்தில் நல்லவர். அன்று அவருக்கும் கோபம் வந்துவிட்டது.

"நானே எல்லாருக்கும் போன் போட்டுச் சரி பண்ணித் தாரேன் தம்பி" என்றார் அக்கா.

அந்த வாரம் முழுவதும் அவர் போனில் பேசினார். அப்போதுதான் நான் அவருடைய இன்னொரு குரலைக் கேட்டேன். என்ன பாப்பா, என்ன பேரு, பல்லு விழுந்திருச்சா, அண்ணன் அதே ஸ்கூலா. தேதியை வாங்கிய பிறகும் வைக்கமாட்டார். ஒரு முறை, "தூங்குறானா? எழுப்பிறாதீங்க, நான் மெதுவாப் பேசுறேன்" என்று சொல்லிவிட்டு நிஜமாகவே குரலைத் தாழ்த்திக்கொண்டார். தூங்கும் பிள்ளை எங்கோ அன்னவாசல் பக்கத்து வீட்டில் இருந்தது. வாரம் முடிந்து பட்டியலும் முடிந்தபோது போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு பழையபடி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

இப்போது அவர் எங்கே இருக்கிறார் என்று எனக்குத் தெரியாது. திருப்பூரில் தம்பி வீட்டோடு போய்விட்டதாகக் கேள்வி. அவருடைய பழைய போன் நம்பர் இப்போது உபயோகத்தில் இல்லை. அவரை நினைக்கும்போது எனக்கு அந்த ஐப்பசி மாதம்தான் முன்னால் வந்து நிற்கிறது.

மணமேல்குடிக்கு அந்தப் பக்கம், கடலோரத்தில் ஒரு கோயில். கிறிஸ்தவர்கள் தங்கள் தேவாலயத்தைக் கோயில் என்றுதான் சொல்வார்கள். அதன் பங்குச் சாமியார் எங்களிடம் ஒரு படிவம் கேட்டிருந்தார். கல்லறைத் திருநாளன்று இறந்தவர்களின் பெயரைக் கல்லறைத் தோட்டத்தில் வாசிப்பது வழக்கம். ஊர்ப் பிள்ளைகள் பாதிப் பேர் வெளிநாட்டில். அவர்கள் அங்கிருந்தே தங்கள் வீட்டுப் பெயரைப் பதிய வேண்டும். வேறு ஊரில் அடக்கம் செய்யப்பட்டவர்களையும் சேர்த்துக்கொள்ளலாம் என்றிருந்தார் சாமியார். பெயர், பிறந்த தேதி, இறந்த தேதி. சின்னப் படிவம்.

இரண்டு தேதி இருந்தால் யாரும் எழுதுகிற விதி ஒன்று உண்டு. இரண்டாவது தேதி முதல் தேதிக்குப் பிந்தியதாக இருக்க வேண்டும். நானும் எழுதினேன். அக்கா சோதித்துவிட்டு ஒரே ஒரு குறை எழுதி அனுப்பினார். இரண்டு கட்டத்திலும் ஒரே தேதி போட்டால் ஏற்க மறுக்கிறது, ஏற்க வேண்டும்.

ஓனர் டீ கிளாஸோடு எங்கள் மேஜைக்கு வந்தார். பள்ளிக்கூடத்து நிர்வாகியை அவர் மறந்திருக்கவில்லை.

"அக்கா, இந்த ஒண்ண விட்டுருவோம். அவசரத்துல ரெண்டு கட்டத்துலயும் ஒரே தேதியத் தட்டிட்டுப் போறவங்கதான் நெறையா. இந்த ரூல் இருந்தாத்தான் புடிக்க முடியும். நெசத்துல ஒரே நாள்ல பொறந்து அன்னைக்கே யாருக்கா சாகுறா?"

"எம் மக" என்றார் அக்கா.

ஏப்ரலுக்கு முப்பது நாள்தான் என்று சொல்கிற அதே குரல். ஓனர் கிளாஸை மேஜைமேல் வைத்தார்.

"எனக்குத் தெரியாதுக்கா."

"ஒங்களுக்கு எப்படித் தெரியும். நான் சொன்னதில்லையே."

அவர் போன பிறகு, நான் கேட்காமலே, திரையைப் பார்த்தபடி அக்கா சொன்னார்.

"காலையில பொறந்தா. பொழுது சாயுறதுக்குள்ள போயிட்டா. என்னைய ஆஸ்பத்திரியில படுக்க வச்சிருந்தாங்க. மாமனாரும் இன்னும் ரெண்டு பேரும் தூக்கிட்டுப் போனாங்க. எங்கிட்டு வச்சாங்கன்னு கேக்குற நெலமையில நான் இல்ல. பொறவு கேட்டப்ப, இப்ப எதுக்கு அதுன்னாங்க. அப்பறம் மாமனாரும் போயிட்டாரு. தலையில முடி நெறையா இருந்துச்சு. அது மட்டும் ஞாபகம் இருக்கு."

நான் விதியைத் திறந்து, பெரியது என்ற குறிக்குப் பக்கத்தில் ஒரு சமக்குறியைச் சேர்த்தேன். ஒரு விசை. முடிந்துவிட்டது.

ஆனால் முடியவில்லை. மறுநாள் ஓனர், குரலை இறக்கிக்கொண்டு, இன்னொரு யோசனை சொன்னார். ஒரே தேதியை ஏற்றுக்கொள்ளலாம். ஆனால் ஏற்கும் முன் ஒரு தடவை கேட்டுவிடலாம். தெரியாமல் தட்டியவர்கள் திருத்திக்கொள்வார்கள். நியாயமான யோசனைதான். அந்தக் கேள்வியை எழுதும் வேலை வழக்கம்போல அக்காவுக்கு வந்தது.

அவரால் எழுத முடியவில்லை. எத்தனையோ எழுதினார். 'இரண்டும் ஒரே நாளா?' அழித்தார். 'தேதிகள் ஒன்றாக இருக்கின்றன, பார்த்துக்கொள்ளுங்கள்.' அழித்தார். மூன்று நாள் போல அந்த ஒரு வரியோடு உட்கார்ந்திருந்தார்.

"எப்படிக் கேட்டாலும் நெசமாவான்னு கேக்குற மாதிரியே இருக்குங்க" என்றார் கடைசியில். "ஆஸ்பத்திரிக்குப் பாக்க வந்த அத்தன பேரும் அதத்தான் கேட்டாங்க. நெசமாவா, நெசமாவான்னு. நான் திரும்பத் திரும்ப ஆமா சொல்லிக்கிட்டு இருந்தேன்."

கேள்வி வேண்டாம் என்று முடிவு செய்தோம். அதற்குப் பதிலாக, யார் எதை நிரப்பி அனுப்பினாலும், கடைசிப் பக்கத்தில் அவர்கள் கொடுத்ததை எல்லாம் அப்படியே காட்டி, மாற்ற வேண்டுமென்றால் இங்கே தொடுங்கள் என்று ஒரு பட்டன் வைத்தோம். எல்லோருக்கும் ஒரே மாதிரி. யாரையும் தனியாக நிறுத்தி விசாரிக்காது. ஓனர் ஒத்துக்கொண்டார்.

புது விதியைச் சோதிக்க அக்கா உட்கார்ந்தார். இரண்டு கட்டத்திலும் ஒரு தேதியைத் தட்டினார். படிவம் தேதிகளை ஏற்றுக்கொண்டது; ஆனால் பெயர்க் கட்டத்தில் போய் நின்றது. பெயர் கட்டாயம்.

"கட்டாயம்கிறத எடுத்துறவாக்கா?" என்றேன்.

"வேணாம். பேரச் சொல்லித்தான வாசிப்பாங்க. பேரு இல்லாட்டி எப்படிக் கூப்புடுவாங்க?"

பெயர் வைக்கும்வரை அந்தக் குழந்தை இருக்கவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அக்கா விசைப்பலகைமேல் கையை வைத்துக்கொண்டு நெடுநேரம் இருந்தார். கீழே கடையில் யாரோ போனுக்கு ரிங்டோன் போட்டுப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு தட்டினார். ஒரு பெண் பெயர். சின்னப் பெயர். அடித்துத் திருத்தவில்லை. அதை நான் இங்கே எழுதப் போவதில்லை.

படிவத்தை வெளியிடுவதற்கு முன் சோதனைப் பதிவுகளை எல்லாம் அழித்துவிடுவது வழக்கம். அன்று மாலை, "அக்கா, டெஸ்ட் டேட்டாவ அழிக்கப் போறேன்" என்றேன்.

பையை எடுத்துக்கொண்டு கிளம்பியவர் வாசலில் நின்றார். "அந்த ஒண்ண மட்டும் விட்டுருங்க."

கல்லறைத் திருநாளுக்குச் சாமியார் எங்கள் எல்லோரையும் அழைத்திருந்தார். ஓனருக்கு வேறு வேலை. அக்காவும் நானும் அறந்தாங்கி போய் பஸ் மாறிப் போனோம். மணமேல்குடியில் இறங்கி அக்கா ஒரு பாக்கெட் மெழுகுவர்த்தி வாங்கினார்.

காலையில் மழை பெய்து விட்டிருந்தது. கல்லறைத் தோட்டம் கடலுக்குப் பக்கத்தில் ஒரு மணல்மேடு. சுண்ணாம்பு அடித்த கல்லறைகள், சிமென்ட் சிலுவைகள், வசதியில்லாதவர்களுக்கு வெறும் மண்மேடும் மரச்சிலுவையும். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு குடும்பம் செவ்வந்திப் பூவும் மெழுகுவர்த்தியுமாக நின்றது. எல்லோருக்கும் நிற்க ஓர் இடம் இருந்தது. நாங்கள் இருவரும் வாசலுக்குப் பக்கத்தில், யாருக்கும் வழியை மறைக்காத ஓர் ஓரமாக ஒதுங்கினோம்.

சாமியாருக்கு உதவியாக இருக்கும் உபதேசியார் மைக்கில் பெயர்களை வாசித்தார். நீளமான பட்டியல். ஒவ்வொரு பெயருக்கும் எங்கேயோ ஒரு தலை குனிந்தது. அந்தச் சின்னப் பெயரையும், மற்றதைப் போலவே, வேகமாக வாசித்துவிட்டு அடுத்ததற்குப் போனார். அக்கா என் மணிக்கட்டைப் பிடித்தார். பிறகு விட்டுவிட்டார்.

ஜெபம் முடிந்ததும் குடும்பங்கள் குனிந்து மெழுகுவர்த்தி ஏற்ற ஆரம்பித்தன. அக்கா பாக்கெட்டைப் பிரிக்காமல் நெஞ்சோடு வைத்துக்கொண்டு நின்றார். பக்கத்தில் ஒரு மண்மேட்டின்முன் தனியாக உட்கார்ந்திருந்த பெண் நிமிர்ந்து பார்த்தார். அக்கா வயதுதான் இருக்கும். வெயிலில் கருத்த முகம்.

"ஒங்க ஆளு எங்கிட்டு இருக்காங்கக்கா?"

"இங்க இல்லம்மா. எங்க வச்சாங்கன்னே தெரியாது. எம் மக. பொறந்த அன்னைக்கே போயிட்டா."

அந்தப் பெண் நிஜமாவா என்று கேட்கவில்லை. மண்மேட்டைத் தட்டிக் காட்டினார்.

"இதுக்குள்ள எங்க வீட்டுக்காரரும் இல்லக்கா. கடலுக்குப் போனாரு, வரல. சும்மா மண்ணக் குமிச்சு வச்சிருக்கேன். போன்ல பதியச் சொன்னாங்கள்ல, அதுல எறந்த தேதின்னு கேட்டுச்சு. எனக்கு என்னத்தத் தெரியும்? கடலுக்குக் கெளம்புன தேதியப் போட்டுவிட்டேன். தப்பாக்கா?"

"சரியாத்தாம்மா போட்டிருக்கீங்க" என்றார் அக்கா.

அந்தப் பெண் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்து இடம் விட்டார். "இங்கிட்டு வாங்க. இதுலயே வைங்க. எங்களுக்குப் புள்ள இல்ல."

அக்கா என்னைப் பார்த்தார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டுப் போய் அவர் பக்கத்தில் மணலில் உட்கார்ந்தார். காற்று அணைத்துவிடாமல் இருக்க அந்தப் பெண் ஈரமணலில் கையால் ஒரு குழி பறித்துக் கொடுத்தார். அக்கா ஒரு மெழுகுவர்த்தியை அதில் நட்டார். இரண்டு மூன்று தீக்குச்சி வீணாகித்தான் பற்றிக்கொண்டது. இருவருமாகக் கையைக் குவித்து மறைத்துக்கொண்டார்கள்.

"புள்ள பேரு என்னக்கா?"

அக்கா சொன்னார். அந்தப் பெயரை அவர் வாய்விட்டுச் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

அந்தப் பெண் அதைத் தானும் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டார். பிறகு மண்மேட்டின் பக்கம் குனிந்து, வீட்டுக்குள் இருக்கிற ஆளிடம் சொல்வதுபோலச் சொன்னார்:

"ஏங்க, புள்ள வந்துருக்கு. பாத்துக்கங்க."